கூடைப்பந்து வீரர் ஸ்டீபன் கரி கல்லூரியில் எப்படி ஆடினார்? அப்போதே பெரிய ஆட்டக்காரர்தானா?

ஆமாம், அப்போதே. டேவிட்சன் கல்லூரிக்காக 2006 முதல் 2009 வரை மூன்று சீசன்களில் 104 ஆட்டங்கள், 2,635 புள்ளிகள், சராசரி 25.3. ஆனால் இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் முக்கியமான விஷயம் கண்ணில் படாது. அங்கே அவர் செய்தது இரண்டு வேறு வேலைகள். முதல் இரண்டு வருடம் பந்து கையில் இல்லாமல் ஓடி ஓடிப் புள்ளி எடுத்தார். மூன்றாம் வருடம் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தினார்.

அப்பா டெல் கரி, அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ-வில் ஆடியவர். இருந்தும் மகன் ஒல்லி என்று பெரிய கல்லூரிகள் ஒதுக்கிவிட, வட கரோலினாவின் சிறிய டேவிட்சனில் பயிற்சியாளர் பாப் மெக்கிலப் சேர்த்துக்கொண்டார். முதல் ஆட்டத்தில் 15 புள்ளிகள் எடுத்தார், ஆனால் 13 டர்ன்ஓவர், அதாவது 13 முறை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தார். அடுத்த ஆட்டத்தில், மிச்சிகனுக்கு எதிராக, 32 புள்ளிகள்.

அந்த முதல் இரண்டு வருடமும் பந்தைக் கொண்டுவந்தவர் ஜேசன் ரிச்சர்ட்ஸ். 2007-08-இல் நாட்டிலேயே அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்) சராசரியில் முதலிடம் அவருக்குத்தான். கரியின் வேலை ஸ்க்ரீனைச் சுற்றி ஓடுவது. இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சக வீரர் ஒருவர் அசையாமல் சுவர்போல் நிற்பார். கரி தோளோடு தோள் உரச அவரைக் கடப்பார். இடைவெளி விட்டால், கரியைத் தடுக்க வரும் எதிரணி டிஃபெண்டர் அதில் நுழைந்துவிடுவார். டிஃபெண்டர் முதுகுக்குப் பின்னால் துரத்தி வந்தால், கரி வளைந்து கூடையை நோக்கித் திரும்புவார். குறுக்கு வழியாக ஸ்க்ரீனுக்கு அந்தப்பக்கம் போய்க் காத்திருந்தால், ஓரடி பின்வாங்கி அங்கேயே த்ரீ (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து வீசும் மூன்று புள்ளி வீச்சு) போடுவார். முன்கூட்டியே வழியை மறித்தால், நேராகக் கூடைக்கு வெட்டி ஓடுவார். பந்து வரும் முன்பே பாதமும் முழங்காலும் தயாராக இருக்கும். அதனால்தான் பந்து கைக்கு வந்த வேகத்தில் வீச முடிந்தது.

2008 மார்ச்சில் நாடே பார்த்தது இதைத்தான். தேசியக் கல்லூரிப் போட்டித்தொடரில் தன் பிரிவின் பத்தாம் தரவரிசையில் நுழைந்த டேவிட்சன் கொன்சாகாவை 82-76 என வென்றது. கரி 40 புள்ளிகள், அதில் 30 இரண்டாம் பாதியில். அடுத்து இரண்டாம் தரவரிசை ஜார்ஜ்டவுன். முதல் பாதியில் கரிக்கு 5 புள்ளிகள்தான், அணி ஒரு கட்டத்தில் 17 புள்ளிகள் பின்தங்கியது. இரண்டாம் பாதியில் 25 எடுத்தார், முடிவு 74-70. விஸ்கான்சினுக்கு எதிராக 33. காலிறுதியில் கான்சஸிடம் 57-59 எனத் தோற்றார்கள். கடைசி நொடிகளில் கரியைச் சுற்றி வளைக்க, பந்து ரிச்சர்ட்ஸுக்குப் போனது. அந்த த்ரீ விழவில்லை. பிறகு கோப்பையை வென்றது அதே கான்சஸ். அந்த சீசனில் கரி போட்ட த்ரீக்கள் 162, அன்றைய கல்லூரிச் சாதனை.

மூன்றாம் வருடம் ரிச்சர்ட்ஸ் படிப்பு முடித்துப் போய்விட்டார். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்ட் இடத்துக்குக் கரி வந்தார். சராசரி 28.6 என நாட்டில் முதலிடம், அசிஸ்ட் 5.6. ஆனால் த்ரீ துல்லியம் 43.9 சதவீதத்திலிருந்து 38.7-க்கு இறங்கியது. இதை வைத்துச் சிலர் அந்த வருடத்தைக் குறைவாக மதிப்பிடுகிறார்கள், அது சரியில்லை. முன்பு ஓடிவந்து பிடித்து வீசியவர், இப்போது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே தனக்கான இடத்தைத் தானே உருவாக்க வேண்டியிருந்தது. போதாததற்கு, 2008-09-இல்தான் ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் த்ரீ கோடு ஓரடி பின்னால் போய் 20 அடி 9 அங்குலம் ஆனது.

அந்த வருடம் அவர் ஆட்டத்தை எவ்வளவு புரிந்துவைத்திருந்தார் என்பதற்கு 2008 நவம்பரில் மேரிலாந்தின் லயோலா அணியுடன் நடந்த ஆட்டம் போதும். பந்து எங்கே இருந்தாலும் இரண்டு பேர் கரியை விட்டு நகரவே இல்லை. கரி அவர்களோடு மல்லுக்கட்டவில்லை. மூலையில் போய் நின்றுகொண்டார். இரண்டு டிஃபெண்டர்களும் அங்கேயே நின்றார்கள். மீதிக் களத்தில் டேவிட்சனின் நான்கு பேருக்கு எதிரில் மூன்று பேர்தான். கரி வீசியது மூன்றே முறை, எடுத்தது பூஜ்யம். டேவிட்சன் 78-48 என ஜெயித்தது.