பாப்பா அமெரிக்கா போகட்டுமா? கொழிஞ்சாம்பாறை அப்பா ஒருவருக்குப் பதில்

அண்ணா, வணக்கம்.

பாப்பா மூன்றாம் ஆண்டு எம்.பி.பி.எஸ்.ஸில் இருக்கிறாள். அவளுக்கு அமெரிக்காவில் ரெசிடென்சி, அதாவது எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகான சிறப்புப் பிரிவுப் பயிற்சி, செய்ய ஆசை. மருத்துவ மேல்படிப்புக்கான நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வை எழுதி இங்கேயே இருக்கட்டும் என்பது உங்கள் விருப்பம். இரண்டையும் எழுதிப் பார்க்கட்டுமே என்கிறார் அண்ணி. கடைசியில், தென்னந்தோப்பை அடமானம் வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தோப்பு பத்திரத்தை இப்போது வெளியே எடுக்க வேண்டாம்.

ரெசிடென்சி என்பது நம் ஊர் மேனேஜ்மென்ட் கோட்டா சீட் மாதிரி காசு கட்டி வாங்குவதல்ல. அது சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் பயிற்சி வேலை. முதல் ஆண்டிலேயே பெரும்பாலான இடங்களில் 60,000 டாலருக்கு மேல் சம்பளம் தருகிறார்கள். செலவு இருக்கிறது, ஆனால் படிப்படியாகத்தான் வரும். அமெரிக்காவில் டாக்டராக உரிமம் பெற எழுதும் யூ.எஸ்.எம்.எல்.இ. தேர்வு ஸ்டெப் ஸ்டெப்பாக வரும். ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சி.கே. இரண்டுக்கும் தலா 1,000 டாலருக்கு மேல் கட்டணம். அப்புறம் எலெக்டிவுக்காக, அதாவது மாணவியாக அங்கே ஒரு மருத்துவமனையில் சில வாரம் வேலை செய்வதற்காக, ஆகும் பயணமும் தங்கலும், கடைசியில் விண்ணப்பக் கட்டணம். ஸ்டெப் 1 பாஸான பிறகு அடுத்த செலவைப் பற்றி யோசித்தால் போதும்.

கோயமுத்தூரில் ஓர் ஆபீஸில் மொத்தமாகப் பணம் கட்டினால் மேட்ச், அதாவது ரெசிடென்சி இடம், உறுதி என்று சொன்னார்களாமே. அப்படி ஒன்று கிடையாது. விண்ணப்பித்தவர்கள் தங்களுக்குப் பிடித்த மருத்துவமனைகளை வரிசைப்படுத்தித் தருவார்கள். மருத்துவமனைகளும் நேர்காணல் செய்தவர்களை வரிசைப்படுத்தித் தரும். என்.ஆர்.எம்.பி. என்ற அமைப்பின் கணினி இந்த இரண்டு பட்டியலையும் பொருத்திப் பார்த்து முடிவு சொல்லும். நடுவில் விற்பதற்கு யாரிடமும் எதுவும் இல்லை. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அண்ணி சொல்வது நியாயமாகத்தான் தெரியும். பாடங்கள் ஒன்றுதானே, இரண்டையும் எழுதினால் என்ன? ஆனால் இரண்டு தேர்வும் கேட்பது வேறு வேறு. நீட் பி.ஜி.யில் மூன்றரை மணி நேரத்தில் 200 கேள்விகள். 40 கேள்விக்கு 42 நிமிடம் என்று பிரித்துவிடுவார்கள், அந்த நேரம் முடிந்தால் திரும்பிப் போக முடியாது. அதில் ரேங்க்தான் எல்லாம். சரியாக வரவில்லை என்றால் அடுத்த ஆண்டு மறுபடி எழுதலாம். யூ.எஸ்.எம்.எல்.இ.யில் பெரும்பாலான கேள்விகள் ஒரு நோயாளியின் கதையாக வரும். முழுவதும் படித்து அடுத்து என்ன செய்வாய் என்று யோசிக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுத வேண்டிய தேர்வு அது. 2022 ஜனவரி முதல் ஸ்டெப் 1-க்கு மதிப்பெண் இல்லை, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். அதனால் மருத்துவமனைகள் எடை போடும் எண்ணாக ஸ்டெப் 2 சி.கே. மதிப்பெண்தான் மிஞ்சியிருக்கிறது.

இதில் நம் வீடுகளில் பலருக்குத் தெரியாத ஒரு விதி உண்டு. ஸ்டெப் 2-வில் பாஸாகிவிட்டால், மதிப்பெண் போதவில்லை என்று மறுபடி எழுத விடமாட்டார்கள். குறைந்த மதிப்பெண்ணில் பாஸானால் அந்த எண் கடைசி வரை கூடவே வரும். ஃபெயிலானாலும் ஒரு ஸ்டெப்பை நான்கு முறைக்கு மேல் எழுத முடியாது. அதனால் தயாரிப்பு அரைகுறையாக இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுவதே நல்லது. நீட் பி.ஜி.க்கும் படித்துக்கொண்டு, ஹவுஸ் சர்ஜன்சி நைட் டியூட்டிக்கு நடுவில் ஸ்டெப் 2 எழுதும் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். இரண்டு ஓடத்தில் கால் வைக்கச் சொல்லி நான் எந்தப் பிள்ளைக்கும் ஆலோசனை தருவதில்லை.

எப்படி முடிவு செய்வது? எந்த நாடு என்று கேட்பதற்கு முன்னால் எந்தப் பிரிவு என்று பாப்பாவிடம் கேளுங்கள். இன்டர்னல் மெடிசின், ஃபேமிலி மெடிசின், குழந்தை மருத்துவம், சைக்கியாட்ரி, பேத்தாலஜி என்றால் அமெரிக்காவில் வெளிநாட்டில் படித்தவர்களுக்குக் கதவு ஓரளவு திறந்திருக்கிறது. டெர்மட்டாலஜி, ஆர்த்தோ, நியூரோ சர்ஜரி என்றால் அங்கே மிகக் கடினம். அந்த ஆசை இருக்கும் பிள்ளை நீட் பி.ஜி.க்கு உழைப்பதுதான் புத்திசாலித்தனம், மத்திய அரசின் பெரிய மருத்துவ நிறுவனங்களுக்கான தனி நுழைவுத் தேர்வான ஐ.என்.ஐ.-சி.இ.டி.யும் சேர்த்து எழுதலாம். ஜிப்மர், எய்ம்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா எல்லாம் அதன் வழியாகத்தான். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத, வெளிநாட்டில் படித்த டாக்டர்களில் சமீப ஆண்டுகளில் மேட்ச் ஆனவர்கள் சுமார் 58 சதவீதம். நூறு பேர் போனால் நாற்பது பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்பதையும் பாப்பா தெரிந்துகொண்டே இறங்கட்டும்.

ரேஷன் கார்டைப் பொள்ளாச்சிக்கு மாற்றினால் தமிழ்நாட்டு பி.ஜி. சீட் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நம்மைப் போலக் கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பெற்றோர் பலரும் இதையே கேட்கிறார்கள். மருத்துவ மேல்படிப்பில் வசிப்பிடத்தை வைத்து ஒதுக்கீடு தரக்கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எம்.பி.பி.எஸ். படித்த கல்லூரியை வைத்து ஓரளவு முன்னுரிமை தரலாம் என்று மட்டும் விட்டிருக்கிறது. பாப்பா படிப்பது கேரளாவில். கார்டு மாற்றுவதில் ஒரு பலனும் இல்லை. அந்தந்த ஆண்டு வரும் பிராஸ்பெக்டஸை நிதானமாகப் படியுங்கள், அது போதும்.

இங்கே படித்த டிகிரி அங்கே செல்லாது என்று யாரோ சொன்னதையும் நம்ப வேண்டாம். நம் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு 2023-இல் உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பத்தாண்டுகளுக்குக் கிடைத்திருக்கிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். அமெரிக்காதான் என்று பாப்பா முடிவெடுத்தால், அதைப் படிக்கும்போதே எடுக்க வேண்டும். ஹவுஸ் சர்ஜன்சி முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் சில விஷயங்கள் திரும்பக் கிடைக்காது. அதில் முதலாவது எலெக்டிவ். மாணவியாக இருக்கும்வரை ஓர் அமெரிக்க மருத்துவமனையில் சில வாரங்கள் நோயாளியைத் தொட்டுப் பரிசோதித்து வேலை செய்ய வாய்ப்பு கிடைக்கும். டாக்டரான பிறகு போனால் பெரும்பாலும் ஓரமாக நின்று பார்க்கும் அப்சர்வர்ஷிப்தான். ஹவுஸ் சர்ஜன்சியில் இருப்பவர்களைச் சில இடங்களில் எடுப்பார்கள், சில இடங்களில் எடுக்க மாட்டார்கள். பல மருத்துவமனைகள் எலெக்டிவுக்கே ஸ்டெப் 1 பாஸ் கேட்கின்றன. அதனால் ஸ்டெப் 1-ஐ இறுதியாண்டின் தொடக்கத்தில் முடிப்பது நல்லது. கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுப் பாடம் முடித்திருந்தாலே அதை எழுதலாம். எலெக்டிவில் கூட வேலை செய்த டாக்டர்கள் தரும் பரிந்துரைக் கடிதத்துக்கு அங்கே நல்ல மரியாதை உண்டு. படிப்பு முடிந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதையும் பார்க்கிறார்கள். இடைவெளி கூடக் கூட நேர்காணல் அழைப்பு குறையும்.

அடுத்தது பெயர். நம் எல்லைப் பக்கத்தில் இது பெரிய தொல்லை. உதாரணத்துக்கு, தமிழ் மீடியம் பள்ளியில் எஸ். கார்த்திகா, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் கார்த்திகா எஸ்., ஆதாரில் கார்த்திகா சுப்பிரமணியம், பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே அப்படி இல்லை. தேர்வுக்குப் பதிந்த பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் தேர்வு மையத்தில் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போகும். பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லையென்றால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சாகிவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். சான்றிதழைச் சரிபார்க்கும் இ.சி.எஃப்.எம்.ஜி.யும் டிகிரியில் இருக்கும் பெயர் வேறாக இருந்தால் ஆவணம் கேட்கும். எந்த வடிவம் வேண்டும் என்று ஒன்றை முடிவு செய்து, ஸ்டெப் 1-க்குப் பதிவதற்கு முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்துங்கள். பல்கலைக்கழகப் பதிவையும் டிகிரி அச்சாவதற்கு முன் சரிபாருங்கள்.

ஆங்கிலத்துக்கு ஓ.இ.டி. என்ற தேர்வு உண்டு. கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 350, எழுதுவதில் 300 வேண்டும். பத்தாவது வரை தமிழ் மீடியம் என்பதால் பாப்பா பயப்படுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். வார்டில் மலையாளத்தில் கேஸ் எடுத்து, தமிழ் மட்டுமே பேசும் நோயாளி வந்தால் சீனியர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறாளே, அது பெரிய பலம். விண்ணப்பக் கட்டுரையில் அதையே அவள் எழுதட்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கட்டுரையைப் பார்த்து எழுத வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. டெலிகிராமில் பழைய யூ.எஸ்.எம்.எல்.இ. கேள்விகள் என்று விற்கிறார்கள். 2024-இல் நேபாளத்தோடு தொடர்புடைய தேர்வர்கள் நூற்றுக்கணக்கானோரின் மதிப்பெண்களை யூ.எஸ்.எம்.எல்.இ. அமைப்பு செல்லாது என்று அறிவித்தது. கேள்விகள் முன்கூட்டியே பரவியதாக எழுந்த சந்தேகம்தான் காரணம். நேர்மையாகப் படித்த பிள்ளைகளும் அதில் தவித்தார்கள். பாப்பா அந்தக் குழுக்களில் இருந்தால் உடனே வெளியே வரச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் செப்டம்பரில் போகும். பிறகு நேர்காணல்கள், இப்போது பெரும்பாலும் வீடியோவில்தான். மார்ச்சில் முடிவு, ஜூலையில் வேலை. விசா பெரும்பாலும் ஜே-1. அதில் போனால் பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டு இந்தியாவில் இருக்க வேண்டும், அல்லது அங்கே டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊரில் வேலை செய்து விலக்குப் பெற வேண்டும். மகள் திரும்ப வருவாளா என்று அண்ணி கேட்டதற்கு இதுதான் என்னால் சொல்ல முடிந்த பதில். மீதியை நீங்கள் மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். பேசும்போது அவளை முதலில் பேச விடுங்கள் அண்ணா. உங்கள் பயத்தைச் சொல்வதற்குள் அவளுக்கு எந்தப் பிரிவு பிடித்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த லீவுக்கு பாப்பா வரும்போது இருவரும் என்னை வந்து பாருங்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ஆதார், பாஸ்போர்ட் மூன்றையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.