மேலூர் போதை ஒழிப்புப் பேரணிக்கு நிருபர்கள் வரவில்லையா?

மேலூர் தாலுகா நிருபர்களுக்கே போன் போடுங்கள். மதுரை அலுவலகங்களுக்கு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருந்ததால்தான் யாரும் வரவில்லை என்று நினைக்கிறேன். பேப்பர் ஏஜென்ட்டிடம் கேட்டால் நம்பர் கிடைக்கும்.

அப்புறம், உங்கள் செய்திக்குறிப்பின் முதல் இரண்டு வரியை மட்டும் படித்துப் பாருங்கள். "தலைமை தாங்கினார், முன்னிலை வகித்தார்" என்றே போகிறதா? அங்கேதான் கோளாறு. எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள், எத்தனை மணிக்கு எந்தத் தெரு வழியாக, இதெல்லாம் முதலில் வரட்டும். 14446 என்ற போதை மீட்பு இலவச உதவி எண்ணைக் கட்டாயம் போடுங்கள், வீட்டில் மகனை நினைத்துத் தவிக்கிற ஒரு தாயின் கண்ணில் படும்.

ஜூன் 26 சர்வதேச போதை ஒழிப்பு நாள், எல்லாரும் பேரணி போகும் நாள்; அடுத்த முறை அதற்கு ஒரு வாரம் முன்பே நடத்துங்கள்.

போதையிலிருந்து மீண்டு வந்த பையன்களின் முகமோ பெயரோ வெளியே வரக்கூடாது, நிருபரே கேட்டாலும் சரி.