மைக்குக்கு முன்னால் மூடுபனி: வாசகர் கேள்வி பதில்

ட்ரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிக்கொண்டு அப்துல் ஜப்பாரின் தமிழ் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவன் நான். இன்றைக்கு டி.வி.யில் பேசுகிறவர்களிடம் அது இல்லை என்றால் பேரன் சிரிக்கிறான். யார் பக்கம் நியாயம்?
– வாசகர், குன்னூர்

இருவர் பக்கமும்தான். அவை இரண்டு வேறு வேலைகள். 2020 டிசம்பரில் மறைந்த அப்துல் ஜப்பார் வானொலிக்காரர். ஆட்டத்தைப் பார்க்க முடியாதவருக்குச் சொன்னவர். ஒரு பந்து என்றால் யார் வீசுகிறார், எந்த முனையிலிருந்து, பந்து எங்கே குத்தியது, மட்டையாளர் என்ன செய்தார், எந்தப் பக்கம் போனது, யார் எடுத்தார், எத்தனை ஓட்டம், மொத்தம் எவ்வளவு என்று எட்டுச் செய்தி. வேகப்பந்து கையை விட்டு மட்டைக்கு வர அரை விநாடிதான் ஆகும். அதற்குள் எதையும் சொல்ல முடியாது. ஆகவே முனை, ஆள், களத்தடுப்பு எல்லாவற்றையும் பந்துவீச்சாளர் ஓடிவரும்போதே சொல்லி முடித்துவிட வேண்டும்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். “லாங் ஆன் திசையில் நின்றிருந்த வீரரின் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கி அடித்தார்” என்று இலக்கணமாகச் சொல்லி முடிப்பதற்குள் மைதானமே கத்தி ஓய்ந்திருக்கும். நல்ல வர்ணனையாளர் வினையை முன்னே இழுப்பார்: “தூக்கி அடித்தார்... லாங் ஆன்... பின்னாலேயே ஓடுகிறார்... பிடித்துவிட்டார்!” மேடைத் தமிழ் பழகியவர்கள் வர்ணனையில் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

டி.வி.யில் படமே பாதியைச் சொல்லிவிடுகிறது. அங்கே வாயை மூடத் தெரிந்தவர்தான் கெட்டிக்காரர். 2015இல் காலமான ஆஸ்திரேலிய கிரிக்கெட் வர்ணனையாளர் ரிச்சி பெனோவை உலகமே கொண்டாடியது பேச்சுக்காக மட்டுமல்ல, மௌனத்துக்காகவும்தான். பேரனிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்தியாவில் கிரிக்கெட் வர்ணனையைத் தொடங்கி வைத்தவர் யார்? தமிழ்நாட்டுக்காரர் எவராவது உண்டா?
– வாசகர், கூடலூர்

1934இல் பம்பாயில் நடந்த நான்கு அணிப் போட்டியில் ஏ.எஃப்.எஸ். தல்யார்கான் பேசியதைத்தான் முன்னோடியாகச் சொல்கிறார்கள். மைக்கை இன்னொருவருடன் பகிர்ந்துகொள்ள மறுத்து, நாள் முழுக்கத் தனி ஆளாகவே பேசியவர். இன்றைக்கு யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம்! நம் பக்கத்தில் பாலு அளகனன். 1954-55இல் மதராஸ் முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையை வென்றபோது கேப்டன், பிறகு வானொலி வர்ணனையாளர். ஆடியவரே மைக்குக்கு வருவது புது வழக்கம் இல்லை.

எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) கிரிக்கெட் டோர்னமென்ட் நடந்தால் என் மகன்தான் மைக் பிடிப்பான். இரண்டு மணி நேரத்தில் தொண்டை கட்டிவிடுகிறது. போதாததற்கு, பேசும்போது நாக்கு வேறு குழறுகிறது. வீட்டில் நன்றாகத்தான் பேசுகிறான்.
– வாசகி, கோத்தகிரி

குழறலில் இருந்து தொடங்குவோம், அது அவன் குற்றமே இல்லை. கூம்பு ஸ்பீக்கரை மைதானத்தின் எதிர்ப்பக்கம் கட்டி, வர்ணனை மேசையைப் பார்க்கத் திருப்பியிருப்பார்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஸ்பீக்கர் 70 மீட்டர் தள்ளி இருந்தால் அவன் குரல் ஐந்தில் ஒரு விநாடி கழித்து அவன் காதுக்கே திரும்பி வரும். சொந்தக் குரலை அந்தத் தாமதத்தில் கேட்கிற எவருக்கும் நாக்கு இழுக்கும். மைக் செட்காரரிடம் சொல்லி, கூம்புகளை மேசைக்கு இரு பக்கமும் சற்று முன்னால் கட்டி, முகத்தை மைதானத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள். முடியாவிட்டால், காதை முழுக்க மூடும் ஹெட்போனை ஆம்ப்ளிஃபயரில் செருகி, தாமதமில்லாத குரலை அதில் கேட்டுக்கொண்டு பேசட்டும். எதிர் மலைச்சரிவில் பட்டு வரும் எதிரொலிக்கு மட்டும் மருந்து இல்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி விடுவதுதான் வழி.

இனி தொண்டை. மூடுபனியில்தான் அவ்வளவு ஈரம் இருக்கிறதே, ஏன் வறள்கிறது என்று கேட்பீர்கள். 10 டிகிரிக் காற்று எவ்வளவு நனைந்திருந்தாலும் ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 9 கிராம் நீராவிதான் தாங்கும். நுரையீரலின் 37 டிகிரிக்கு அது 44 கிராமாக வேண்டும். மீதியை மூக்கும் தொண்டையும் கொடுக்கின்றன. வாயால் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினால் மூக்கின் உதவியும் போய்விடும். ஆகவே வாக்கியங்களுக்கு நடுவே மூக்கால் மூச்சு, கழுத்தில் மஃப்ளர், கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்கு வெதுவெதுப்பான நீர். மிளகு ரசம், சுக்குக் காபி எல்லாம் ஆட்டம் முடிந்தபிறகு வைத்துக்கொள்ளலாம். தொண்டையைச் செருமவே கூடாது. செருமினால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி இன்னும் வீங்கும். அதற்குப் பதில் ஒரு மடக்கு விழுங்கட்டும்.

பெரும்பாலும் தொண்டை கட்டுவது கத்துவதால்தான். மைக் இருக்கும்போது ஏன் கத்த வேண்டும்? வாயிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்தில், நேராக இல்லாமல் கன்னத்தோரம் சாய்த்துப் பிடித்தால் ‘ப’, ‘ப்ப’ வெடிக்காது. அவ்வளவு கிட்டத்தில் பிடித்தால் குரல் கனத்துக் கேட்கும், ஆம்ப்ளிஃபயரில் பேஸை (கனத்த அடித்தொனியை) குறைத்துக்கொள்ளலாம். மைக்கின் ஸ்பாஞ்ச் உறை பனியில் நனைந்தால் குரல் அமுங்கும், மாற்று உறை ஒன்று பையில் இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இன்னொரு பையனிடம் மைக்கைக் கொடுக்க வேண்டும். டெஸ்ட் ஆட்ட வானொலி வர்ணனையிலும் அதே 20 நிமிட முறை உண்டு.

இன்னொன்று: மைதானத்தில் நிற்கிறவருக்குக் கண் இருக்கிறது. அவருக்கு “பந்து போகிறது, போகிறது” வேண்டாம். அடித்தவர் பெயர், ஸ்கோர், மீதமுள்ள ஓவர், தேவையான ஓட்டம், இவை போதும். பாதிப் பேச்சு குறைந்தால் பாதித் தொண்டை மிஞ்சும்.

கோடை விழாப் படகுப் போட்டியில் பனி இறங்கிவிட்டால் படகே தெரிவதில்லை. வர்ணனை செய்கிறவர் என்ன செய்வது?
– வாசகர், கொடைக்கானல்

தெரியாததைச் சொல்லாமல் இருப்பது. “பனிக்குள் போய்விட்டார்கள்” என்பதே நல்ல வர்ணனைதான், கரையில் நிற்கிறவர் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஊகமாக ஒரு படகை முந்தவைத்து, அது கடைசியில் வந்தால் மானம் போகும்.

உங்கள் ஏரி நட்சத்திர வடிவம். பனி இல்லாவிட்டாலும் வளைவுகள் மறைக்கும். 1927 ஜனவரி 15 அன்று ட்விக்கென்ஹாமில் பி.பி.சி. முதல் ரக்பி வர்ணனையை ஒலிபரப்பியபோது மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, படத்தை முன்கூட்டியே இதழில் அச்சிட்டார்கள். வர்ணனையாளர் வேக்லம் ஆட்டத்தைச் சொல்லச் சொல்ல, இன்னொரு குரல் பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணைச் சொன்னது. அதே உத்திதான் இங்கேயும். போட்டிப் பாதையை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் செல்போனுடன் ஓர் ஆள். அவர் சொல்ல வேண்டியது படகு எண்ணின் வரிசை மட்டும். எண்ணைப் படகின் இரு பக்கமும் ஒரு முழ உயரத்துக்கு எழுதச் சொல்லுங்கள். பனியில் முதலில் மங்குவது சின்ன எழுத்துதான்.

ஸ்நூக்கருக்கு எங்கள் ஊர்தான் தாய்வீடு என்கிறார்கள். அதற்கெல்லாம் வர்ணனை உண்டா?
– வாசகர், ஊட்டி

விதிகள் 1882இல் ஊட்டி கிளப்பில் வகுக்கப்பட்டவை. விளையாட்டு முளைத்தது 1875இல் ஜபல்பூரில். வர்ணனை உண்டு, கிசுகிசுப்பாக! பி.பி.சி.யின் டெட் லோ பார்வையாளர்கள் நடுவிலேயே உட்கார்ந்து பேசியதால் குரலைத் தணிக்க வேண்டியிருந்தது. அதுவே பட்டப்பெயராகவும் ஒட்டிக்கொண்டது.

என் மகளுக்கு விளையாட்டு வர்ணனையில் ஆர்வம். இதை நம்பிப் பிழைக்க முடியுமா? எங்கே தொடங்குவது?
– வாசகர், பழனி

இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். புகழ்பெற்ற ஆங்கில கிரிக்கெட் வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டே போலீஸ்காரராக இருந்து வானொலிக்கு வந்தவர். வேறு வேலையோ படிப்போ கையில் இருக்கட்டும். வானொலி நிலையங்கள் பகுதிநேர அறிவிப்பாளர்களைக் குரல் தேர்வு வைத்து எடுப்பதுண்டு. 100.5இல் வரும் கொடைக்கானல் பண்பலையின் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

பயிற்சிக்குக் காசு வேண்டாம். டி.வி.யின் சத்தத்தை அணைத்துவிட்டுப் பத்து ஓவர் பேசி, செல்போனில் பதிவு செய்யட்டும். மேசையில் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்று. அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர் மணல் இறங்கி முடியும்போதெல்லாம் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பாராம். நடுவில் வந்து ரேடியோவைத் திருகுகிறவருக்கு முதலில் வேண்டியது அதுதானே. பிறகு ஆட்டத்தைப் பார்க்காத ஒருவரிடம் பதிவையும் ஒரு வெள்ளைத்தாளையும் கொடுத்து, எந்தப் பந்து எங்கே போனது, யார் எங்கே நின்றார் என்று வரையச் சொல்லுங்கள். தாளில் வெறுமையாக இருக்கும் இடங்கள்தான் அடுத்த வாரப் பாடம்.