மைக்ராஸ்கோப் ஆளைக் காட்டிக்கொடுக்குமா?

கேள்வி: சட்டம் படிக்கிறேன். கொலையானவரின் சட்டையில் இருந்த முடியும் சந்தேக நபரின் முடியும் "மைக்ராஸ்கோப்பில் ஒத்துப்போகின்றன" என்று ஓர் அறிக்கையில் பார்த்தேன். அது அவருடைய முடிதான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது அம்மா. தடயவியல் ஆய்வகத்தில் பல வருடம் முடி பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எங்கள் கருவியில் இரண்டு மைக்ராஸ்கோப்பை இணைத்திருப்பார்கள். இடப்பக்கம் சம்பவ இடத்து முடி, வலப்பக்கம் சந்தேக நபரின் முடி. நிறத்துகள்கள் எப்படிச் சிதறியிருக்கின்றன, நடுவே ஓடும் மெடுல்லா தொடர்ச்சியாக இருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்று பார்ப்போம். ஆனால் ஒரே ஆளின் நெற்றியோர முடியையும் பிடரி முடியையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு பேருடையது போலத் தெரியும். வேறு யாருடைய முடியோ அச்சு அசலாகப் பொருந்திவிடும். அதனால் "இவருடையதாக இருக்க வாய்ப்பில்லை" என்று பல நேரம் தைரியமாகச் சொல்வேன். "இவருடையதுதான்" என்று ஒருநாளும் எழுதியதில்லை.

"இவருடையதுதான்" என்பது போலச் சிலர் சொன்னதன் விலை பெரிது. 1978ல் வாஷிங்டனில் ஒரு டாக்ஸி ஓட்டுநர் கொல்லப்பட்டார். கொலையாளி முகமூடியாகப் போட்டிருந்த ஸ்டாக்கிங்கில் (நீளக் காலுறையில்) 13 முடிகள். அதில் ஒன்று 17 வயதுப் பையன் ஒருவனின் முடியோடு ஒத்துப்போகிறது என்றார் நிபுணர். 1980ல் தண்டனை. 2012ல் டிஎன்ஏ பார்த்தபோது ஒன்றுகூட அந்தப் பையனுடையது இல்லை. ஒன்று நாயின் முடி! மனித முடியில் மெடுல்லா முடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, விலங்கு முடியில் பெரும்பாலும் பாதிக்கு மேல். எங்களுக்கு முதல் பாடமே அதுதான். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எஃப்.பி.ஐ. தன் பழைய வழக்குகளைத் திரும்ப எடுத்துப் பார்த்து, 2015ல் முதற்கட்டக் கணக்கை வெளியிட்டது. குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக முடிச் சாட்சியம் சொன்ன 268 விசாரணைகளில் 257ல் அந்தச் சாட்சியத்தில் தவறான கூற்றுகள் இருந்தன.

சரி, நாளை நீங்கள் குறுக்கு விசாரணை செய்யும்போது, முடியில் வேர் இருந்ததா என்று முதலில் கேளுங்கள். பிடுங்கப்பட்ட முடியின் வேரில் சதை ஒட்டியிருந்தால் முழு டிஎன்ஏ கிடைக்கலாம். தானாக உதிர்ந்த முடியென்றால் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏதான். அது தாய் வழியில் வருவது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒன்றாகவே இருக்கும். அதையும் அறிக்கையில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.