குளிர்விப்பு சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?

பல குழந்தைகளுக்குக் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பிறக்கும்போது ஆக்சிஜன் குறைந்து மூளை பாதிக்கப்பட்டால், பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் உடல் வெப்பத்தை 33-34 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். அதே ஆக்சிஜன் குறைவு குடலையும் தாக்கியிருக்கலாம், குளிரில் குடலுக்கு ரத்த ஓட்டமும் குறையும். அதனால் குடல் அழற்சிக்குப் பயந்து, பால் நிறுத்தி டிரிப்ஸ் மட்டும் போடுவதுதான் பல இடங்களில் வழக்கம். ஆனால் பிரிட்டனில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது அந்த அழற்சி மிக அரிதாகவே இருந்தது. பால் பெற்றவர்களுக்குத் தொற்றும் குறைவு. (நிலைமை சற்றுத் தேறியவர்களுக்கே பால் கொடுத்திருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.) ரத்த அழுத்தம் நிலையாக இல்லாவிட்டால் காத்திருப்பதே சரி. கொடுத்தால் குழாய் வழியே, முடிந்தவரை தாய்ப்பால். அதுவரை அம்மா பாலைப் பீய்ச்சிச் சேமிக்கத் தொடங்கிவிடலாம்.