பத்துக் கொள்கையும் ஒரு மாதமும்

கேள்வி: 'பொய் சொல்ல மாட்டேன், நேர்மையாக இருப்பேன், யார் மனதையும் புண்படுத்த மாட்டேன்' என்று பத்துக் கொள்கைகளை எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. எனக்கு மன உறுதி போதாதா?

பதில்: மன உறுதியின் மேல் பழி போடாதீர்கள். கோளாறு எழுதிய விதத்தில் இருக்கிறது. 'நேர்மையாக இருப்பேன்' என்பது வெறும் ஆசை. அதை மீறினோமா என்று உங்களாலேயே அடித்துச் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் தீர்ப்பு உங்கள் பக்கமே சாயும். பார்ப்பவர் 'செய்தார்', 'செய்யவில்லை' என்று சொல்லக்கூடிய செயலாக எழுதுங்கள். 'சொன்ன தேதிக்குள் வேலை முடியாது என்று தெரிந்தால், அன்றைக்கே நானாகச் சொல்லிவிடுவேன்.' 'என் தவறான தகவலைக் கேட்ட அத்தனை பேரிடமும் திருத்தம் சொல்வேன்.' (பத்துப் பேர் கூட்டத்தில் தப்புக் கணக்கைச் சொல்லிவிட்டு ஒருவர் காதில் மட்டும் திருத்துவது ஒளிப்பதுதான்.) 'எனக்கு லாபமோ உறவோ உள்ள விஷயத்தில், முடிவுக்கு முன்பே அதைச் சொல்லி விலகி நிற்பேன்.'

இன்னொன்று, உங்கள் பட்டியலே தனக்குள் மோதுகிறது. மோசமாக எழுதிய நண்பர் அபிப்பிராயம் கேட்டால் பொய் சொல்வீர்களா, புண்படுத்துவீர்களா? மோதும்போது எந்தக் கொள்கை விட்டுக்கொடுக்கும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், அந்த நிமிடத்தில் எது சுலபமோ அதுதான் ஜெயிக்கும். கேட்டால் உண்மை, கேட்காவிட்டால் மௌனம். என் மௌனத்தால் அவர் பணமோ உடம்போ கெடும் என்றால் கேட்காமலே சொல்வேன். இப்படி வரிசை வேண்டும்.

எண்ணிக்கையையும் குறையுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்பண்புகளை எழுதிக்கொண்டார்; ஆனால் வாரத்துக்கு ஒன்றில்தான் தனிக் கவனம். தவறு நேர்ந்த நாளில் ஏட்டில் ஒரு கரும்புள்ளி. 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு 4 சுற்று. அப்படியும் 'ஒழுங்கு' மட்டும் அவருக்குக் கடைசிவரை சரியாகப் பிடிபடவில்லை.

உங்களுக்கு மூன்று போதும். சுவரிலிருந்து கிழித்து, கைக்குறிப்பேட்டுக்கு மாற்றுங்கள். தவறிய அன்றே யாரிடம், எப்போது, எதற்குப் பயந்து என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு மாதக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலும் அதே ஓரிரு ஆட்கள், அதே சந்தர்ப்பம். மறுக்கத் தெரியாமல் 'சரி' என்று சொல்லிவிட்டு, பிறகு சாக்குச் சொல்கிறீர்கள் என்று தெரிந்தால் அந்தச் 'சரி'யை மாற்றுங்கள்: 'எந்த உதவிக்கும் உடனே ஒப்புக்கொள்ள மாட்டேன், யோசித்து நாளைக்குச் சொல்வேன்.' அடுத்த மாதத்துக்கு உங்கள் முதல் கொள்கை இதுவாக இருக்கட்டும்.