ஊதா மூடியா, சிவப்பு மூடியா? எலிசா கேள்வி பதில்

புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் வெள்ளையணு நொதிகளை எலிசாவில் (ஒரு பொருளை ஆன்டிபாடியால் பிடித்து, நிறத்தை வைத்து அதன் அளவைச் சொல்லும் சோதனை) அளப்பது என் வேலை. வந்த கேள்விகளில் நான்கு மட்டும் இங்கே.

லாஸ்பேட்டை மாணவி: சார், ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் எடுத்த ரத்தம். பிளாஸ்மாவைவிட சீரத்தில் மைலோபெராக்சிடேஸ் பல மடங்கு வருகிறது. கிட் கோளாறா?

கிட் மேல் தப்பு இல்லைம்மா. ரத்தத்தை உறையவிட்டுப் பிரிக்கிற நீர் சீரம், உறையவிடாமல் பிரிக்கிற நீர் பிளாஸ்மா; வித்தியாசம் அங்கேதான். நியூட்ரோபில்கள் என்ற வெள்ளையணுக்கள் இந்த நொதியைத் துகள்களில் மூட்டை கட்டி வைத்திருக்கின்றன. செல்லின் உலர் எடையில் சுமார் 5 சதவீதம் இதுதான். (சளி பச்சையாக வருவதும் இதன் நிறத்தால்தான்.) சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் உறைகிற அரை மணி நேரத்துக்குள்ளேயே மூட்டை அவிழ ஆரம்பித்துவிடும். அப்போது நீங்கள் அளப்பது உடம்பில் இருந்ததை அல்ல, குழாய்க்குள் கொட்டியதை. அதனால் ரத்தத்தை உறையவிடாத ஈடிடிஏ போட்ட ஊதா மூடிக் குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து, சீக்கிரம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிரியுங்கள். பிளாஸ்மாவுக்கும் சிவப்பணுவுக்கும் நடுவே பாலாடை மாதிரி மெல்லிய வெள்ளைப் படலம் தெரியும். வெள்ளையணுக்கள் அத்தனையும் அங்கேதான். பைப்பெட் முனை அதில் பட்டால் போச்சு. கொஞ்சம் பிளாஸ்மா வீணானாலும் பரவாயில்லை, மேலேயே நிறுத்திவிடுங்கள்.

நெல்லிக்குப்பம் டெக்னீசியன்: கழுவும் கரைசல் கெடாமல் இருக்க சோடியம் அசைடு போடலாமா?

போட்டால் கரைசல் கெடாது, பிளேட் நீலமும் ஆகாது. எலிசாவில் நிறம் தருகிற பெராக்சிடேஸ் நொதியை அது முடக்கிவிடும்.

வில்லியனூர் வாசகர்: அப்பாவின் நுரையீரல் உறை நீரில் ஏடிஏ (அடினோசின் டீஅமினேஸ் என்ற நொதி) 62 என்கிறார்கள். இதுவும் எலிசாதானா?

இல்லை. ஏடிஏ வழக்கமாக நொதியின் வேலையை அளக்கிற சோதனை: அடினோசினிலிருந்து எவ்வளவு அம்மோனியா பிரிகிறது என்று பார்ப்பார்கள். 40க்கு மேல் போனால் காசநோயைச் சந்தேகிப்பார்கள். ஆனால் சீழ் கட்டினாலும் ஏறும், லிம்போமாவிலும் ஏறும், எனவே முடிவு டாக்டருடையது. எலிசா நொதி என்கிற ஆளை எண்ணும், அதன் வேலையைப் பார்க்காது. உதாரணமாக, நியூட்ரோபில் எலாஸ்டேஸ் என்ற நொதி ரத்தத்தில் கலந்ததும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் அதைக் கட்டிப்போட்டுவிடும். வேலையை அளந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. கட்டுண்டதையும் பிடிக்கிற எலிசாவில் நன்றாகவே தெரியும்.

கடலூர் முதுநகர், மாதிரி சேகரிப்பவர்: நாங்கள் ரத்தத்தை அப்படியே பஸ்ஸில் அனுப்புகிறோம். சரிதானே?

சரியில்லை. ஒரு முறை கடலூர் மாதிரிகள் எல்லாம் புதுச்சேரி மாதிரிகளைவிட உயரமாக வந்தன. ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று இரண்டு நாள் குதித்தோம். அப்புறம் பார்த்தால், கத்திரி வெயிலில் பிரிக்காத ரத்தம் பையிலேயே மதியம்வரை கிடந்திருக்கிறது. அங்கேயே சுற்றிப் பிரித்து, பிளாஸ்மாவை மட்டும் ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். ஊசி குத்திய நேரத்தையும் பிரித்த நேரத்தையும் லேபிளில் எழுதுங்கள், பேனாவில் வேண்டாம், ஐஸ் ஈரத்தில் அழிந்துவிடும்.